தொட்டிக்குச் சுண்ணாம்பு போட்டது யார்?

“கால்ல ஊத்திட்டியேடி! கண்ணு தெரியலையா உனக்கு?”

“கண்ணு போனது என் புருஷனுக்கு. எனக்கு நல்லாத்தான் தெரியுது. நீங்க காலை நகத்தலேன்னா அதுக்கு நான் என்ன பண்றது அக்கா?”

“வேணும்னேதான் ஊத்தினே.”

“ஆமா, உங்க காலுக்கு வெள்ளையடிக்கணும்னுதான் அரைத் தூக்கத்துல எந்திரிச்சு ஓடி வந்தேன்!”

இரண்டாம் தொட்டியின் விளிம்புப் பலகையில் நின்று ஓரகத்திகள் இருவரும் போட்ட சத்தத்தில், தகரக் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்த புறாக்கள் எழுந்து வெளியே போய்விட்டன. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. கூரை ஓட்டைகள் வழியே இறங்கிய வெளிச்சத்தில் சுண்ணாம்புத் தூசி சோம்பலாகச் சுற்றியது. கீழே வடிகட்டி யந்திரத்தருகே நின்ற ஆண்கள் குனிந்து வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டு, காதை மட்டும் மேலே அனுப்பியிருந்தார்கள்.

மூத்தவள் தொட்டிக்காரி. தன்னைவிட நீளமான துடுப்பால் நுரையை விலக்கி, மோந்து பார்த்து, புளிப்பைக் காட்டும் காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்துத் தொட்டிகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. இளையவள் சுண்ணாம்புக்காரி. மூட்டையைப் பிரித்து, பீப்பாயில் கரைத்து, வாளி வாளியாக இரும்பு ஏணியில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். அடுத்தடுத்த கம்பெனி வீடுகளில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக் குடியிருப்பவர்கள். மாமியார் விட்டுப்போன தையல் மிஷின் மூத்தவளிடமும், அதன் கைச்சக்கரம் மட்டும் இளையவளிடமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சு என்றால் சண்டைதான். இருவருக்கும் தைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

தொட்டி என்றால் மாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி இல்லை. மாடி அளவு உயரம். உள்ளே வெதுவெதுவென்று சர்க்கரைப் பாகு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள். அவை சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்புதான் சரக்கு. ஆனால் புளிப்பு மிஞ்சினால் கக்கியவையே அதில் சாகும். அதனால் அவ்வப்போது சுண்ணாம்புப் பால் ஊற்றித் தணிக்க வேண்டும். கை கொஞ்சம் தாராளமானால் சுண்ணாம்பின் காரத்திலும் செத்துப்போகும். “கைக்குழந்தை தேவலை, அழுதாவது கேக்கும்” என்பாள் தொட்டிக்காரி. அவளுக்குச் சொந்தக் குழந்தை கிடையாது. அதை வைத்துத் தெரு என்னென்ன சொல்லியிருக்கும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பழுத்த பாகை வடிகட்டி, கண்ணைப் பறிக்கிற வேறோர் ஆசிட்டை விட்டுச் சுண்ணாம்பைப் பிரித்தால் மிஞ்சுவது சர்க்கரை ஆசிட். மண்ணில் போட்டால் மக்கிவிடும் கப்புகளுக்கும், தரை கழுவும் திரவத்துக்கும், முகத்துக்குப் பூசும் கிரீமுக்கும் அது கேன் கேனாகப் போனது. அந்தக் கிரீமைத் தெருப் பெண்கள் யாரும் பூசிப் பார்த்ததில்லை. அதன் மூலச் சரக்குப் பட்டுப் பட்டு விரலிடுக்கில் தோல் உரிந்ததுதான் அவர்கள் கண்ட அழகு.

“சண்டை போட்டது போதும்! இந்தத் தொட்டியையும் சுண்ணாம்பு போட்டுக் கொன்னுடாதீங்க!” என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

இருவரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி ஒரு அதிசயத்தை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. வடிகட்டி ஆண்களும் சட்டென்று உண்மையாகவே வேலையில் மூழ்கியது அதைவிடப் பெரிய அதிசயம். ஆனால் அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் கவலை.

சுண்ணாம்புக்காரியின் கணவனைச் சீட்டி என்பார்கள். யந்திர இரைச்சலுக்கு மேல் சீட்டியடித்தே ஆளைக் கூப்பிடுவான். வடிகட்டிக்குக் கடும் ஆசிட் கொண்டுவரும் ரப்பர்க் குழாய் வெடிப்பு விட்டிருக்கிறது என்று மேஸ்திரியிடம் அவன் சொல்லாத நாளில்லை. “அடுத்த மாசம் மாத்திடலாம்” என்பார் மேஸ்திரி. குழாய்க்கு அடுத்த மாதம் வரை பொறுமையில்லை. வெடித்துச் சிதறியதில் சீட்டிக்கு ஒரு கண் போயிற்று. முதலாளி ஒரு பை ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். பார்த்து வேலை செய்திருக்கலாம் என்றும் சொல்லியனுப்பினார்.

அதற்குத்தான் ஸ்ட்ரைக். தொட்டிக்காரியின் கணவன், பாய்லர் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவன், வாயைத் திறந்தால் கொட்டாவிக்கு மட்டும் திறப்பவன், அவன்கூடக் கேட்டருகே நின்று கோஷம் போட்டான். மின்சாரத்தை நிறுத்தினார்கள். தொட்டிகளைக் கிளறும் இறக்கைகள் நின்றன. மூன்றில் இரண்டு தொட்டிகள் காலி. நிறைந்து நின்றது நடுத்தொட்டி மட்டுந்தான். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்க, ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் காற்று திரும்பி, புளித்து முற்றும் வாடை வீட்டுச் சன்னல் வரை வந்தது.

தொட்டிக்காரியால் உட்கார முடியவில்லை. ‘ஸ்ட்ரைக் முதலாளி மேலதானே, தொட்டி என்ன பண்ணிச்சு?’ என்று தனக்குத்தானே வழக்காடினாள். குப்பை கொட்டப் போகிறவள்போல் வாளியோடு கிளம்பி, பின்பக்கம் கழிவாகக் குவிந்த வெள்ளைச் சேற்று மேட்டின் மேலேறி, மதிலைத் தாண்டினாள். சுண்ணாம்பு அறைக் கதவைக் கொஞ்சம் தூக்கினால் கொண்டி தானே நழுவும்; சாவி எதற்கு? ஒரு மூட்டையைக் கரைத்து ஊற்றி, வந்த வழியே திரும்பினாள். காகிதத் துண்டுகள் ஆபீசில் பூட்டிக்கிடந்ததால் நிறம் பார்க்க முடியவில்லை. மேலே இன்னும் புளிப்பு வாடைதான். போதுமோ போதாதோ என்ற நினைப்போடு வந்து படுத்தாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி வெளியாட்களோடு வந்து கிளறும் இறக்கையை ஓட்டினார். அடியில் தங்கியிருந்த சுண்ணாம்பெல்லாம் பொங்கி மேலே வந்தது. பழுப்பு நிறத் தொட்டி பாலாக வெளுத்தது. அத்தனையும் செத்துப்போயிற்று.

“பாத்தீங்களா? விஷம் வெச்சிருக்கீங்க!” என்று முதலாளி எல்லோரையும் தொட்டியடியில் நிறுத்திக் கத்தினார். “கூலி கேக்கறவன் இதைச் செய்வானா? உங்கள்ல ஒருத்தன் துரோகி!”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அன்றே வேலைக்குத் திரும்பினார்கள். நஷ்டத்தைச் சொல்லிக் கூலியையும் குறைத்தாயிற்று. ஒரு மூட்டை இத்தனை பெரிய தொட்டியைக் கொல்லுமா என்று தொட்டிக்காரிக்குச் சந்தேகம் வராமலில்லை. தன் கை பட்டுத்தானே செத்தது என்ற எண்ணம் அந்தச் சந்தேகத்தை வாயைத் திறக்க விடவில்லை. அன்றிலிருந்து தெருவில் ஒருவருக்கொருவர் எரிந்து விழுவதே பிழைப்பாயிற்று. குழாயடியில் குடம் முட்டினால் சண்டை. கதவு சாத்தும் சத்தம் கேட்டால் சண்டை.

காலை ஷிப்ட் முடிந்தபோது முதலாளி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தலைக்குமேல் ஒரு பெரிய பலகை. அதில் பச்சை இலை, அதன் நுனியில் ஒரு சொட்டு. கட்டடம், கேட், குப்பைத் தொட்டி எல்லாவற்றுக்கும் பச்சை அடித்திருந்தார். அவர் காரும் பச்சைதான்.

“நான் மத்த முதலாளிங்க மாதிரி இல்ல” என்று ஆரம்பித்தார். மற்ற முதலாளிகள் எல்லோரும் ஆரம்பிப்பது அப்படித்தான் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். “நான் பண்றது சுத்தமான தொழில். எண்ணெயிலேர்ந்து பிளாஸ்டிக் பண்ணி உலகத்தை நாறடிக்கறவன் இல்ல நான். சக்கரையிலேர்ந்து எடுக்கறேன். ஒரு சொட்டுக் கழிவு ஆத்துக்குப் போகுதா?”

“ஆத்துக்குப் போகல. எங்க கொல்லைக்கு வருது” என்றாள் கேன் நிரப்பும் நெட்டை. பத்துப் பேருக்கு நடுவே நின்றாலும் அவள் தலை தனியாகத் தெரியும். அதனால் ஒளிந்து பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. “சுண்ணாம்பைப் பிரிச்சு எடுத்த அந்த வெள்ளைச் சேறு மலையா நிக்குது. காத்தடிச்சா குடிக்கிற தண்ணியெல்லாம் மாவு.”

“அது கழிவு இல்லம்மா. அதுலேர்ந்து சுவர்ப் பலகை பண்ணலாம்.”

“எப்ப பண்ணுவீங்க?”

“பேச்சு நடக்குது.”

“குழாய் மாத்தறதுக்கும் பேச்சு நடந்துச்சு. அதுக்குள்ள இவனுக்குக் கண்ணு போச்சு.”

முதலாளியின் முகம் கறுத்தது. “சரி, நேரா விஷயத்துக்கு வர்றேன். நாளன்னிக்கு வெளிநாட்டுலேர்ந்து வாங்கறவங்க வர்றாங்க. மண்ணைக் கெடுக்காத தொழிலா, ஆளுங்க சந்தோஷமா இருக்காங்களான்னு பாக்கத்தான் வர்றாங்க. விஷம் வெச்ச கையை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நான் நிக்க முடியாது. அதுக்குள்ள யாருன்னு பேர் வரணும். வரலேன்னா…” அவர் சுண்ணாம்புக்காரியைப் பார்த்தார். “சுண்ணாம்பு ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்டதான்” என்றாள் அவள்.

“அப்போ உன் வீடு காலி. கண்ணுக்கு நஷ்ட ஈடுன்னு ஒரு மனு போட்டிருக்கீங்களே, அதுவும் அத்தோட முடிஞ்சுது. கம்பெனியைக் கெடுத்த குடும்பத்துக்கு எதுக்குக் கொடுக்கணும்?”

தொட்டிக்காரி ஓரகத்தியின் வாயிலிருந்து நெருப்புப் பறக்கும் என்று எதிர்பார்த்தாள். வாளி தவறி விழுந்ததற்கே தெருவைக் கூட்டுபவள் அவள். அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ தண்டனை சரியாகத்தான் வந்து சேர்ந்தது என்பதுபோல.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் டீயை வைத்துவிட்டு, கணவன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.”

“நான் என்னிக்குக் கத்தினேன்?”

“தொட்டிக்குச் சுண்ணாம்பு போட்டது நான்தான்.”

பாய்லர்க்காரனுக்கு டீ மூக்கில் ஏறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வர அவளைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“நாசமாப் போச்சு” என்றான் கடைசியில்.

“அவளை வெளிய தள்ளப் போறாங்க. நான் சொன்னா நம்மளைத் தள்ளுவாங்க. சொல்லட்டுமா வேண்டாமா?”

“கொஞ்சம் இரு. யோசிக்கலாம்.” சட்டையை மாட்டிக்கொண்டு அவன் தெருவில் இறங்கிப் போய்விட்டான். சுவருக்கு அப்பால் சுண்ணாம்புக்காரி பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கும் சத்தம் கேட்டது. சண்டைக்காவது ஒரு வார்த்தை வராதா என்று தொட்டிக்காரி சுவரோரம் காத்துக்கொண்டிருந்தாள். கையில் புடைத்த சுண்ணாம்புக் கொப்புளத்தைப் பிய்த்தபடியே அழுதாள். ஓரகத்தியைத் தள்ளிவிட்டு அவள் வீட்டுக் கொல்லையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அதுவும் இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

சொன்ன நாளில், வெயில் ஏறுவதற்கு முன்பே மேஸ்திரி கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தெரு முழுவதும் வாசலில். பாதிப் பேர் ஷிப்டுக்குக் கிளம்பிய கோலத்தில், மார்பில் ரப்பர் ஏப்ரனோடு நின்றார்கள். அடுப்பு வெளியே வந்தது, கண்ணாடி வந்தது, நெளிந்த அலுமினிய டிரம் வந்தது. சீட்டி கட்டிலில் உட்கார்ந்தவன் இறங்க மறுத்தான். கட்டிலோடு அவனைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் வைத்தார்கள்.

“மெதுவா வைங்கப்பா. பல்லக்குல ஏறி ரொம்ப நாளாச்சு” என்றான் அவன்.

பச்சைக் கார் வந்து நின்றது. மத்தியானம் வெளிநாட்டார் வருமுன் தெரு சுத்தமாக வேண்டும் என்று முதலாளியே வந்திருந்தார். மேஸ்திரி அவள் வீட்டுச் சாவிக்காகக் கை நீட்டினார். சுண்ணாம்புக்காரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

“நிறுத்துங்க!”

குரல் தன்னுடையதுதான் என்று தொட்டிக்காரிக்குத் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“அவ போடல. நான்தான் போட்டேன்.”

முதலாளி திரும்பினார். “யாரு, நீயா? தொட்டிக்காரியே தொட்டியைக் கொன்னியா?”

“கொல்லப் போகல. காப்பாத்தப் போனேன். வாடை வீடு வரைக்கும் வந்துது. மனசு கேக்கல.”

“ரொம்ப நல்லது. மேஸ்திரி, இந்தச் சாமானை உள்ள வை. இவ வீட்டுச் சாமானை வெளிய எடு.”

“இருங்க, இருங்க.” சுண்ணாம்புக்காரி பாய்ந்து நடுவில் வந்தாள். கண்ணில் நீரும் வாயில் நெருப்புமாக ஓரகத்தியைப் பார்த்துக் கத்தினாள். “உங்களை யாரு அக்கா என் வீட்டைக் காப்பாத்தச் சொன்னது? காலம் பூரா சொல்லிக் காட்டறதுக்கா? போட்டது நான். ரெண்டு மூட்டை!”

“பொய் சொல்லாதடி. அந்த ஒரு மூட்டையைத் தூக்கி எனக்கு இன்னும் இடுப்பு வலிக்குது.”

“அப்போ எனக்கு முன்னாடியே போய்ட்டு வந்துட்டீங்களா? எனக்கு எப்படித் தெரியும்? மேல புளிப்பு வாடைதானே அடிச்சுது!”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாய்லர்க்காரன்.

“நானும்…”

“என்ன நானும்?” என்றாள் தொட்டிக்காரி.

“ஒரு மூட்டை.”

“அடப்பாவி மனுஷா! முந்தாநாள் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“நீ அழற மாதிரி இருந்தே.”

“எதுக்கு அழுதேன்னு நினைச்சீங்க!”

பாகு வண்டி தள்ளும் பெரியவர் கையை உயர்த்தினார். நெட்டை பக்கத்தில் நின்றவளின் கையையும் சேர்த்து உயர்த்தி, “நாங்க ரெண்டு பேரா போனோம். தனியாப் போகப் பயமா இருந்துது” என்றாள். வடிகட்டி ஆண்களில் ஒருவன் பாக்கி இல்லை. கட்டிலிலிருந்து சீட்டி, “ஒத்தைக் கண்ணுல நானும்தான் போனேன். பாதி வெளிய கொட்டிருக்கும், அதைக் கழிச்சுக்குங்க” என்றான்.

“நீயுமா?” என்று அவன் மனைவி தலையிலடித்துக்கொண்டாள். “உன் கண்ணுக்குத்தானே ஸ்ட்ரைக்கே!”

யார் முதலில் போனது, யார் கரைக்காமல் அப்படியே கொட்டியது, யாருடைய மூட்டையில் கட்டி இருந்தது என்று தெருவில் ஏச்சும் பேச்சும் தூள் பறந்தது. மேஸ்திரி மட்டும் ஒதுங்கி நின்றார். அவர் மனைவி வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நின்றவள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “எங்க வீட்டு ஆளையும் சேத்துக்குங்க. அன்னிக்கு முட்டி வரைக்கும் சுண்ணாம்பு. அந்தப் பேண்ட்டை ஊற வெச்சுத் துவைச்சது நான்தான்.”

மேஸ்திரி மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் சத்தம் அடங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அத்தனை வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக. துரோகி என்று எவனைத் தேடி ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்தார்களோ, அவன் அங்கே இல்லவே இல்லை. தொட்டிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அது வாய்க்கு வருமுன் கோபமாகிவிட்டது.

“ஸ்ட்ரைக்லயும் உங்களுக்கு ஓசியில வேலை பாத்திருக்கோம்” என்றாள் முதலாளியிடம். “திருட்டுத்தனமா சுவரேறிக் குதிச்சு. அதுக்குக் கூலி குறைச்சீங்க. அதுக்கு வீட்டைப் பிடுங்கறீங்க.”

“வாயை அடக்கு. எல்லாரும் செஞ்சிருந்தா எல்லாருமே வெளிய.”

“தள்ளுங்க” என்றான் சீட்டி. “மூணு தொட்டியும் நிறைஞ்சு நிக்குது. மத்தியானம் விருந்தாளிங்க வர்றாங்க. எதைக் காட்டுவீங்க, அந்தப் பச்சை இலையையா?”

“உங்க கப்பு மண்ணுல போட்டா கொஞ்ச மாசத்துல மக்கிடும்னு எழுதி வெச்சிருக்கீங்க” என்றாள் நெட்டை. “நாங்க அதுக்கும் முன்னாடியே மக்கிடணும்னு பாக்கறீங்க.”

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எல்லோரையும் சுட்டது. “போங்க, கேட்ல போய் உட்காருங்க. எவ்வளவு நேரம் உட்காருவீங்க? தொட்டிக்குப் புது சைரன் வெச்சிருக்கேன். புளிப்பு ஏறினா ஊளையிடும். நீங்களே ஒவ்வொருத்தரா பின்பக்கமா வந்து குதிப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

கார் உள்ளே போயிற்று. அவர் சொன்னது உண்மை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே இருந்தவர்களும் வெளியே வந்து சேர, கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். என்ன வேண்டும் என்பதில் குழப்பமில்லை: சீட்டியின் கண்ணுக்கு நஷ்ட ஈடு, புதுக் குழாய், குறைத்த கூலி, வெள்ளை மேட்டை அகற்றுவது, வீடுகளில் கை வைக்காதது. குழப்பமெல்லாம் தங்களைப் பற்றித்தான்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது சைரன் ஊளையிட்டது. தொட்டிக்காரியின் முழங்கால் தானாக நிமிர்ந்தது.

“உட்காருங்க அக்கா!” சுண்ணாம்புக்காரி அவள் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள். “உங்களை நம்பவே முடியாது.” இழுத்த கையோடு ஓரகத்தியின் ஏப்ரன் கயிற்றைத் தன் ஏப்ரன் கயிற்றோடு முடிந்தாள். ரெட்டை முடிச்சு.

“நீ மட்டும் யோக்கியமா? ரெண்டு மூட்டைக்காரி.”

“அதான் சேத்துக் கட்டறேன்.”

பாய்லர்க்காரன் பார்த்தான். எழுந்து வந்து மனைவியின் மறுபக்கக் கயிற்றோடு தன் கயிற்றை முடிந்துகொண்டான். அவனோடு பாகுப் பெரியவர். அவரோடு நெட்டை. கொஞ்ச நேரத்தில் கேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே முடிச்சு. யாராவது ஒருவர் அசைந்தால் பத்துப் பேர் ‘யாருடா அது?’ என்று திரும்பினார்கள். கட்டிலோடே தூக்கிவந்திருந்த சீட்டியிடம் ஏப்ரன் இல்லாததால், பக்கத்தில் இருந்தவரின் கயிற்றைக் கட்டில் காலோடு கட்டினார்கள்.

சைரன் நிற்கவில்லை. புளிப்பு வாடை கிளம்பி வந்து மூக்கில் ஏறியது. பக்கத்தில் யாரோ பல்லைக் கடித்தார்கள். கம்பிக் கேட்டின் வழியே பார்த்தால் தொட்டிகளின் தலை தெரியும். அங்கே ஓர் ஆள் இரும்பு ஏணியில் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. முதலாளி! பின்னால் மேஸ்திரி, மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு. முதலாளி வாளியைச் சாய்த்தார். பாதி தொட்டியில், மீதி தன் காலில்.

“ஐயோ, ஒரே எடத்துல ஊத்தறாரு! சுத்தி…” என்று தொட்டிக்காரி வாயெடுத்தாள். சுண்ணாம்புக்காரி தன் வெடித்த உள்ளங்கையால் அந்த வாயை அப்படியே பொத்தினாள். தொட்டிக்காரி திமிறினாள். கண்ணிலிருந்து நீர் ஓரகத்தியின் விரல்மேல் வழிந்தது. பிறகு மெல்ல அடங்கினாள். அங்கே பழுப்பு நுரை வெளுத்துக்கொண்டு வருவதை வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு இறுகியதே தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வெளிநாட்டார் கார் வந்து கேட்டருகே நின்றது. உள்ளே போக வழியில்லை. கண்ணாடியை இறக்கி, ஒருவரோடொருவர் முடியப்பட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களையும், தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஓடிவந்த முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாயங்காலம் மேஸ்திரி வந்து, முதலாளி நாளைக்குப் பேசுகிறாராம் என்றார். என்ன பேசுவார் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை.

அந்த ‘நாளை’ முடிந்து பல ‘நாளை’ ஆகிவிட்டது. ஒரு தொட்டி ஓடுகிறது, வெளியாட்களை வைத்து நொண்டிக்கொண்டு. குழாய் மாறவில்லை. கேட்டில் முடிச்சு வரிசையும் கலையவில்லை. லேபர் ஆபீசில் தேதி தள்ளிப் போடுகிறார்கள். வீடு போன சுண்ணாம்புக்காரியும் சீட்டியும் கட்டில், அடுப்போடு தொட்டிக்காரி வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். ஒரே அறையில் இரண்டு அடுப்பு. சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. அந்தச் சண்டை நின்றால்தான் தெருவுக்குக் கவலை.

நெட்டைக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை, அன்று வெளிநாட்டாரை ஏற்றிவந்த கார் டிரைவர். அது என்ன முடிச்சு என்று விசாரிக்க மறுவாரம் தனியாக வந்தவன், விசாரித்துக்கொண்டே இருந்தான். அவள் அவனோடு வேறு ஊருக்குப் போனாள். போகிற அன்று கேட்டுக்கு வந்து, தன் இருபக்கமும் இருந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினாள். உயரமான ஆள், வரிசையில் அவள் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலை மேஸ்திரியின் மனைவி ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி அன்றிலிருந்து தானே டீ போட்டுக்கொள்கிறார் என்று கேள்வி. தலையணையைத் தரையில் போட்டு, அந்த இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, இருபுறமும் பார்த்துக் கேட்டாள்:

“எனக்கு ஏப்ரன் கிடையாது. எதைக் கட்டணும், சொல்லுங்க.”